புது பைபர் வள்ளம்: கையால் போட்டதா, வேக்கம் போட்டதா, கார்பனா? எதைப் பார்த்துப் பணம் கொடுப்பது?

தங்கச்சிமடம் மகள்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாக வைத்திருக்கும் மர வள்ளத்துக்கு வயதாகிவிட்டது. பலகை மாற்றுவதும், பலகை இடுக்கை அடைக்கிற கலப்பத்து அடிப்பதுமாக வருடாவருடம் பணம் போகிறது, நல்ல மரமும் இப்போது லேசில் கிடைப்பதில்லை. அதனால் 28 அடியில் பைபர் வள்ளம் கட்டலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. நண்டு வலைக்கும் மீன் வலைக்கும் போவார்கள், காற்று மாறும்போது வடகடலிலிருந்து (பாக் விரிகுடா) தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) வள்ளத்தை மாற்றுவார்கள், கரையில் இழுத்தும் போடுவார்கள்.

மூன்று பட்டறைகளில் விசாரித்தோம். முதல் ஆள் வழக்கம்போல் கையால் போடுகிறவர், அடிப்பக்கம் அரை இஞ்ச் கனம் தருகிறேன், உங்கள் பேரன் காலம் வரை ஓடும் என்கிறார். இரண்டாவது ஆள் வேக்கம் இன்ஃபியூஷன் முறையில் செய்வாராம், கனம் குறைவு, எடை குறைவு, டீசல் மிச்சம், ஆனால் விலை மூன்றில் ஒரு பங்கு கூடுதல். மூன்றாவது ஆள் கார்பன் பைபர் கலந்து போடுகிறேன், விமானத்துக்குப் போடுவது இதுதான் என்று படம் எல்லாம் காட்டினார். அப்பாவுக்குக் கனமாக இருப்பதுதான் பலம் என்று தோன்றுகிறது. எனக்கு அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியவில்லை. இதற்கிடையில் பக்கத்து வீட்டு மாமாவின் பைபர் வள்ளம், கட்டி ரொம்ப வருடம்கூட ஆகவில்லை, அடியில் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக வந்து நிற்கிறது. அதைப் பார்த்த பிறகு வீட்டில் எல்லாருக்கும் பயம். இது கடன் வாங்கிக் கட்டுகிற வள்ளம், தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

பாம்பன் பட்டறை

தங்கச்சி, நான் பைபர் வேலைதான் செய்கிறேன், பாம்பன் பக்கம். உன் அப்பா கனம் என்று சொல்வது பாதி சரி. ஆனால் அந்தக் கனத்தில் எவ்வளவு கண்ணாடி இழை, எவ்வளவு ரெசின் (இழையை நனைத்து இறுகுகிற பிசின்) என்று யாரும் கேட்பதில்லை, அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

பலத்தைக் கொடுப்பது கண்ணாடி இழை. வலைக் கயிறு மாதிரி அது, இழுத்தால் தாங்கும், தள்ளினால் மடங்கும். மடங்காமல் பிடித்து வைக்கிற வேலையும், ஓர் இழையின் சுமையைப் பக்கத்து இழைக்குக் கடத்துகிற வேலையும் ரெசினுடையது. இழை முழுக்க நனையும் அளவு ரெசின் போதும். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் எடையும் விரிசலும்தான். கையால் மேட் (துண்டு இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு) மட்டும் போட்டால் எடையில் 30 முதல் 35 சதவீதம் கண்ணாடி நிற்கும், மேட்டுக்கு நடுவே நெய்த ரோவிங் துணி போட்டு ரோலரை நன்றாக அழுத்தினால் 40, 45 வரை வரும். ரெசினை வாளியால் கொட்டிவிட்டு அரை இஞ்ச் காட்டுவது பெரிய வித்தை இல்லை. ஆகவே பட்டறையில் எத்தனை மி.மீ. என்று கேட்காதே, எத்தனை அடுக்கு, எந்த ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) மேட், எந்த ஜிஎஸ்எம் ரோவிங், எந்த வரிசையில் என்று கேட்டுத் தாளில் எழுதி வாங்கு. ரோவிங் மேல் நேராக ரோவிங் போட்டால் ஒட்டு பலமாக இருக்காது, நடுவில் ஒரு மேட் வர வேண்டும். அடுக்குக் கணக்கை எழுதித் தர மறுக்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதே.

அப்புறம் மோல்டில், அதாவது அச்சில், முதலில் அடிக்கும் வெளிப்பூச்சான ஜெல்கோட். அது அரை மி.மீ. அளவுக்கு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்க வேண்டும். மெலிந்த இடத்தில் சுருங்கும், திக்கான இடத்தில் வெடிக்கும். அது தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும், ஆனால் விரலில் ஒட்டாது என்ற பதத்தில் இருக்கும்போதே முதல் மேட் போட்டுவிட வேண்டும். ஜெல்கோட் அடித்துவிட்டு ஆள் வரவில்லை என்று இரண்டு நாள் விட்டால் அது பிறகு உரிந்துகொண்டு வரும். அந்த முதல் மேட்தான் தண்ணீருக்கு எதிரே நிற்கப் போகிறது, எனவே அதில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் குமிழி வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், அந்த இடத்தில் ரோலரை இன்னும் நாலு தரம் ஓட்டச் சொல்லலாம், அது வாடிக்கையாளர் உரிமை.

நம் ஊர்க் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாடைக்காற்று அடிக்கிற மழை மாதங்களில் மேட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈர மேட்டில் ரெசின் சரியாகப் பிடிக்காது. சித்திரை வெயிலில் நேர் எதிர்த் தொல்லை, ரெசினை இறுக வைக்கிற கேடலிஸ்ட் ஊற்றிய கொஞ்ச நேரத்திலேயே டப்பா கொதித்துக் கட்டியாகிவிடும். கேடலிஸ்ட் அளவு ரெசினில் 1 முதல் 2 சதவீதம், வெயில் நாளில் 1ஐ ஒட்டி வைப்போம். இன்னும் நேரம் வேண்டும் என்று அதற்கும் கீழே குறைத்தால் ரெசின் உள்ளே வேகாமல் நின்றுவிடும், மேலே பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். அதனால் கோடையில் விடியற்காலை வேலை. ஒரே மூச்சில் எல்லா அடுக்கையும் போட்டு முடிக்கிற பட்டறையும் வேண்டாம், உள்ளே சூடு ஏறி, சுருங்கி, மோல்டிலேயே கோணிப்போகும். மூன்று நாலு அடுக்கு, ஆற விட்டு மறுபடி. மோல்டிலிருந்து அவசரப்பட்டு எடுக்கவும் கூடாது, உள்ளே இருக்கும் குறுக்குக் கட்டைகளும் நெடுக்குக் கட்டைகளும் ஒட்டி முடித்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

உங்கள் வள்ளம் கரையில் இழுபடும் என்பதால் ஏரா (வள்ளத்தின் அடி நடுவில் ஓடும் முதுகு) நெடுகக் கூடுதல் அடுக்குகள் கேள், அதன் அடியில் தேய்ந்தால் கழற்றி மாற்றுகிற பட்டையும் கேள். நான் பார்த்தவரை இங்கே பைபர் வள்ளம் சாவது நடுக்கடலில் அல்ல, மணலிலும் இன்ஜின் படுக்கையிலும்தான். இன்ஜின் உட்காரும் கட்டையில் போல்ட் துளை போட்டுவிட்டு அப்படியே விடுவார்கள், துளை வழியாகத் தண்ணீரும் டீசலும் இறங்கி உள்ளே மரம் மக்கிவிடும், வெளியே பைபர் பளபளவென்று இருக்கும். துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்சி என்ற நன்றாக ஒட்டுகிற ரெசினால் அடைத்து, காய்ந்ததும் அதற்குள் சின்னத் துளை போட்டு போல்ட் மாட்ட வேண்டும். அரை நாள் கூடுதல் வேலை, ஆனால் பல வருடம் நிற்கும்.

கீழக்கரை ஷார்ஜா

அஸ்ஸலாமு அலைக்கும். பாம்பன் காக்கா (அண்ணன்) சொன்னது எல்லாமே சரி. நான் ஷார்ஜாவில் படகு யார்டில் இன்ஃபியூஷன் பகுதியில் இருக்கிறேன், அதனால் இரண்டாவது பட்டறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முறை இதுதான். மோல்டில் கண்ணாடித் துணி எல்லாவற்றையும் காய்ந்தபடியே அடுக்குவோம், அதன் மேல் உரித்தெடுக்கிற துணி, ரெசின் ஓடுவதற்கு வலைத்துணி, குழாய்கள், எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் தாள். ஓரம் முழுக்கப் பசை நாடா. பம்பைப் போட்டு உள்ளே இருக்கும் காற்றை எடுத்தால் வெளியே இருக்கும் காற்று மண்டலம் தாளை அழுத்தும், சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டன். பிறகு குழாயைத் திறந்தால் ரெசின் தானாக உறிஞ்சப்பட்டு முழு படகுக்கும் பரவும். கண்ணாடி அளவு எடையில் 60 சதவீதத்துக்கு மேல் வரும், குமிழி அநேகமாக இருக்காது, ரெசினிலிருந்து வரும் ஸ்டைரின் நாற்றம் பட்டறையில் ரொம்பக் குறைவு. பண்பட்ட முறை, எனக்கு இந்த வேலை மீது பெரிய மரியாதை உண்டு.

ஆனால் தங்கச்சி கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அதே அளவு கண்ணாடி போட்டாலும் ரெசின் குறைவதால் சுவர் மெலிந்துவிடுகிறது. ஒரு தகடு வளையாமல் நிற்கும் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகும், அதாவது கனம் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். கண்ணாடி விகிதம் கூடியதால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், முழுதாகக் கிடைக்காது. ஆக இழுத்தால் அறாது, ஆனால் அலை அடிக்கும்போது அடிப்பக்கம் உள்ளே போய் வெளியே வரும், அப்படி வளைந்து வளைந்தே நாளடைவில் கட்டைகளின் ஒட்டு விட்டுப்போகும். அதனால்தான் இன்ஃபியூஷன் படகில் இரண்டு மெல்லிய தோலுக்கு நடுவே பிவிசி ஃபோம் (லேசான நுரைப் பலகை) வைத்துக் கனத்தைக் கூட்டுவோம், இல்லாவிட்டால் நெடுக்குக் கட்டைகளை நெருக்கி வைப்போம். உங்கள் இரண்டாவது பட்டறைக்காரரிடம் அடிப்பக்கத்தில் ஃபோம் உண்டா, இல்லையென்றால் கட்டைகளுக்கு நடுவே எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னால் அவருக்கு வேலை தெரியும்.

இன்னொன்று, இது ஒரே தடவை நடக்கிற வேலை. ரெசின் பாதி ஓடியபோது எங்காவது ஊசித் துளையில் காற்று கசிந்தால் அந்தப் பகுதி வெள்ளையாக, காய்ந்தபடியே நின்றுவிடும், அதைப் பெயின்ட் அடித்து மறைக்கவும் முடியும். எனவே ரெசின் திறப்பதற்கு முன் பம்பை அடைத்துவிட்டு அரை மணி நேரம் அழுத்த மானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள், அந்த நேரத்தில் உங்கள் வீட்டு ஆள் ஒருவர் அங்கே நிற்கட்டும். கரன்ட் போனால் பம்புக்கு ஜெனரேட்டர் உண்டா என்பதும் நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி. ஏற்கெனவே இந்த முறையில் கட்டி ஓடிக்கொண்டிருக்கும் வள்ளம் ஒன்றையாவது காட்டச் சொல்லுங்கள். காட்டினால் எடுக்கலாம். உங்கள் வள்ளத்தில்தான் முதல் முதலாகச் செய்து பார்க்கப் போகிறார் என்றால் கையால் போடுகிற நல்ல மேஸ்திரியிடமே போங்கள்.

பாலிமர் டீச்சர்

ராமநாதபுரத்தில் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். கொப்புளம், கார்பன் இரண்டுக்கும் நான் பதில் சொல்கிறேன்.

கொப்புளத்தின் காரணம் வெளியே இல்லை, வள்ளத்துக்கு உள்ளேயே இருக்கிறது. ஜெல்கோட் தண்ணீரை முழுதாகத் தடுக்காது, மிக மெதுவாக உள்ளே விடும். உள்ளே ரெசின் சரியாக வேகாமல் மிச்சம் இருக்கும் கிளைக்கால் போன்ற பொருள்களும், மேட்டின் இழைகளை ஒட்டி வைத்திருக்கும் பசையும் அந்தத் தண்ணீரில் கரைந்து அடர்த்தியான திரவமாகும். அடர்த்தி கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் மேலும் மேலும் போகும், அதுதான் சவ்வூடு பரவல். அழுத்தம் கூடி ஜெல்கோட்டைத் தூக்கிவிடுகிறது. கொப்புளத்தைக் குத்தினால் புளித்த நாற்றத்தோடு நீர் வருகிறதா என்று அந்த மாமாவைப் பார்க்கச் சொல்லுங்கள், வந்தால் அதேதான். குத்தும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும், பீய்ச்சி அடிக்கும்.

எங்கள் கடல் வருடம் முழுக்க வெதுவெதுப்பாகவே இருப்பதால் இது இங்கே வேகமாக வரும். தடுக்கிற வழி கட்டும்போதுதான். ரெசின் வகைகளில் சாதாரண ஆர்த்தோ பாலியெஸ்டரைவிட ஐசோ பாலியெஸ்டர் தண்ணீரை நன்றாகத் தாங்கும், வினைல் எஸ்டர் அதைவிடவும் நன்றாகத் தாங்கும். முழு வள்ளத்தையும் வினைல் எஸ்டரில் கட்டினால் விலை தாங்காது, அது தேவையும் இல்லை. ஜெல்கோட் ஐசோவாக இருக்கட்டும், அதற்கு அடுத்து வரும் முதல் மேட்டை மட்டும் வினைல் எஸ்டரில் போடச் சொல்லுங்கள், மற்ற அடுக்குகள் வழக்கமான ரெசினிலேயே இருக்கலாம். அந்த முதல் மேட் பவுடர் பசை மேட்டாக இருக்க வேண்டும், எமல்ஷன் பசை மேட்டுக்குக் கொப்புளம் சீக்கிரம் வரும். கார்பனுக்குக் கொடுக்க நினைக்கும் பணத்தில் சின்னப் பங்கு இதற்குப் போதும்.

சரி, கார்பன். கார்பன் இழை கண்ணாடியைவிட மூன்று மடங்கு விறைப்பு, எடையும் குறைவு. போயிங் 787 விமானத்தின் எடையில் பாதி கம்போசிட் (இழையும் ரெசினும் சேர்ந்த பொருள்), அதில் பெரும்பகுதி கார்பன்தான், அந்தப் படம் பொய் இல்லை. ஆனால் விமானம் மணலில் இழுபடுவதில்லை, பாறையில் முட்டுவதுமில்லை. கண்ணாடி இழை அறுவதற்கு முன் 4 முதல் 5 சதவீதம் நீளும், கார்பன் 1.5 சதவீதம் போல நீண்டதும் அறுந்துவிடும். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியிருக்கும் பாருக்கும் (கடலடிப் பாறைத் திட்டு) பவளத்துக்கும் நடுவே போகிற வள்ளத்துக்கு இடி வாங்கித் தாங்குகிற பொருள் வேண்டும். இரண்டையும் ஒரே சுவரில் கலந்தால் விறைப்பான கார்பன் முதலில் சுமையை ஏற்று முதலில் அறும். போதாததற்குக் கார்பன் மின்சாரம் கடத்தும், உப்புத் தண்ணீரில் அலுமினியத்தோடு அது தொட்டால் அலுமினியம் அரித்துப் போகும். அந்தப் பட்டறையில் எந்த இடத்தில், எத்தனை கிலோ கார்பன் போடப் போகிறார் என்று கேளுங்கள். ஒரு பட்டை கறுப்புத் துணியை மேலே ஒட்டிக் காட்டுவதற்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டாம்.

கார்பன் தன் இடத்தில் என்ன செய்யும் என்பதற்கு நம் தீவிலேயே உதாரணம் இருக்கிறது. அப்துல் கலாம் ஐயாவின் தந்தை ராமேஸ்வரத்தில் மரப்படகு கட்டியவர், மகன் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட்டுக்காக இழை கம்போசிட் வேலையில் இறங்கினார். 1989 மே 22 அன்று முதல் அக்னி பறந்தபோது அதன் முனை காற்று மண்டலத்துக்குள் திரும்ப நுழையும் சூட்டைத் தாங்கியது கார்பன் இழையைக் கார்பனுக்குள்ளேயே பதித்த பொருளால். அக்னி வேலை நடந்த ஆய்வகத்துக்கு வந்த ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனை எலும்பு மருத்துவர் ஒருவர் அங்கிருந்த பொருளின் எடைக் குறைவைப் பார்த்துவிட்டு, போலியோ பாதித்த குழந்தைகள் 3 கிலோ இரும்பைக் காலில் மாட்டி இழுத்து நடப்பதைக் காட்டியிருக்கிறார். அதன் பிறகு 300 கிராமில் காலைத் தாங்கும் காலணை செய்து கொடுத்தார்கள். என் மாணவர்களுக்கு வருடாவருடம் இதைச் சொல்வேன், ஒரு கிராம் குறைந்தாலும் பலன் இருக்கிற இடத்தில் அந்தப் பணத்தைச் செலவழிப்பது நியாயம்.

சாயல்குடி பனை

டீச்சர், நடுவில் ஒரு கேள்வி. எங்கள் பக்கம் பனைநாருக்குக் குறைவில்லை, கண்ணாடி இழைக்குப் பதில் பனைநாரைப் போட்டு வள்ளம் கட்ட முடியாதா? வெளிநாட்டில் சணல், ஆளி நார் போட்டுக் காருக்குக் கதவுப் பலகை செய்கிறார்கள் என்று படித்தேன்.

பாலிமர் டீச்சர்

முடியும் தம்பி, ஆனால் தண்ணீருக்குக் கீழே வேண்டாம். தாவர நார் எல்லாமே தண்ணீர் குடிக்கும், குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், அப்படி உப்பிச் சுருங்கி ரெசினிலிருந்து பிரிந்துவிடும். காரத்தில் ஊற வைத்துக் கழுவினால் ஒட்டுத்தன்மை கூடும், தொல்லை குறையும், போகாது. காரின் உள்பக்கத்துக்கு அது பொருத்தம், ஏனென்றால் அங்கே ஈரம் இல்லை, எடையும் குறைவு. வள்ளத்தில் மூடி, உள்தட்டு, வலைப்பெட்டி போன்ற இடங்களுக்குப் பனைநார் பலகை செய்து பார்க்கலாம், எனக்கு அதில் ஆர்வம் உண்டு, நார் அனுப்பினால் எங்கள் ஆய்வகத்தில் மாதிரித் துண்டு போட்டு இழுத்துப் பார்க்கிறேன். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ரப்பர் மரத்தில் தோணி செய்து அதற்கு மேல் கண்ணாடி பைபர் போர்த்தும் முறையை உருவாக்கியிருக்கிறது, உள்ளூர்ப் பொருளைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றிப் பயன்படுத்த அது நல்ல வழி.

மண்டபம் மேஸ்திரி

வள்ளத்துக்கு வெளியே ஒன்று கேட்கலாமா? கடலோரம் வீடு கட்டினால் பத்து வருடத்தில் கம்பி துருப்பிடித்து சிலாப் பொரிந்து விழுகிறது. இப்போது பைபர் கம்பி என்று விற்கிறார்கள். நம்பலாமா?

பாலிமர் டீச்சர்

நம்பலாம், இடம் பார்த்து. இழைகளை ரெசினில் நனைத்து சூடான அச்சு வழியாக இழுத்துச் செய்வது அது, உப்புக்குத் துருப்பிடிக்காது, எடை இரும்பில் கால்வாசி. 2023இல் இதற்கு ஐஎஸ் 18256 என்ற இந்தியத் தரம் வந்துவிட்டது, அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வினைல் எஸ்டர் ரெசினில் செய்ததா என்றும் கேளுங்கள், சிமென்டின் காரம் சாதாரணக் கண்ணாடியைத் தின்றுவிடும். இரும்பைவிட இழுவிசை கூடுதல், ஆனால் விறைப்பு நாலில் ஒரு பங்குதான், எனவே இரும்புக் கணக்கை அப்படியே வைத்து பீம் போட்டால் தொய்யும். இரும்பு அறுவதற்கு முன் நீண்டு எச்சரிக்கை கொடுக்கும், இது கொடுக்காது. வேலை இடத்தில் வளைக்கவும் முடியாது, வளைவைத் தொழிற்சாலையிலேயே செய்து வாங்க வேண்டும். தரைத்தளம், தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் அடித்தளம் என்று தொடங்குங்கள். மாடி பீமுக்கு இதைப் படித்த பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுக்காமல் தொடாதீர்கள்.

தங்கச்சிமடம் மகள்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவுக்கு முழுதும் படித்துக் காட்டினேன், கனம் பற்றிய பேச்சு வீட்டில் நின்றுவிட்டது. இரண்டாவது பட்டறையில் ஃபோம் பற்றிக் கேட்டோம். ஃபோம் இல்லையாம், கட்டை இடைவெளி பற்றிக் கேட்டதற்கு அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றார். முதல் பட்டறைக்காரர் அடுக்குக் கணக்கை எழுதித் தரச் சம்மதித்துவிட்டார், வினைல் எஸ்டர் மேட்டுக்கும் சரி என்றார், அதற்கு மட்டும் தனியாக விலை சொல்கிறார். அனேகமாக அவரிடம்தான் கொடுப்போம். கட்டி முடித்த பிறகு எழுதித் தந்தபடிதான் போட்டாரா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? பக்கத்து வீட்டு மாமா கொப்புளத்தைக் குத்திப் பார்த்தார், புளித்த நாற்றம்தான். அதைச் சரி செய்ய முடியுமா?

பாம்பன் பட்டறை

வழி உண்டு. தண்ணீர் வெளியேறும் குழாய்க்கு வள்ளத்தில் வட்டமாக வெட்டி எடுக்கிற துண்டு வரும், அதைத் தூக்கிப் போட விடாதே, தேதி எழுதி வாங்கி வைத்துக்கொள். டீச்சர் ஆய்வகத்தில் 600 டிகிரி உலையில் வைத்தால் ரெசின் எரிந்து போய்க் கண்ணாடி மட்டும் நிற்கும், அடுக்கை விரித்து எண்ணலாம், எடை போட்டால் சதவீதம் கிடைக்கும். வெந்திருக்கிறதா என்று பார்க்க பார்கோல் என்ற சின்னக் கருவி இருக்கிறது, அழுத்தினால் எண் காட்டும், நன்றாக வெந்த பாலியெஸ்டர் 40ஐ ஒட்டி வரும். கருவி கிடைக்காவிட்டால் நாணயத்தால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போ, கணீரென்று வரும் சத்தம் நடுவில் எங்காவது மொத்தென்று மாறினால் அங்கே உள்ளே பிரிந்திருக்கிறது.

மாமா வள்ளத்துக்கு அவசரம் வேண்டாம். கொப்புளம் உள்ள ஜெல்கோட்டை முழுக்கச் சுரண்டி எடுத்து, நல்ல தண்ணீரால் பல நாள் திரும்பத் திரும்பக் கழுவி, நிழலில் காற்றோட்டமாக வாரக்கணக்கில் காய விட வேண்டும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அடுத்த வருடமே திரும்ப வரும். காய்ந்த பிறகு எபாக்சியால் நிரப்பிப் பூச வேண்டும். ஆழமாகப் போன இடத்தில் துணி போடுவதென்றால் ஓரத்தைச் சரிவாக இழைத்துக்கொள்ள வேண்டும், கனத்தைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு, 6 மி.மீ. சுவர் என்றால் ஏழு சென்டிமீட்டருக்கு மேல். எபாக்சியோடு சாதாரண மேட் போடாதீர்கள், அதன் பசை ஸ்டைரினில்தான் கரையும், எபாக்சியில் கரையாது. தைத்த துணி வாங்கிக்கொள்ளுங்கள். எபாக்சி பூசிய இடத்தின் மேல் பிறகு பாலியெஸ்டர் போட்டாலும் ஒட்டாது.

மாமாவே செய்வதென்றால் இதை மட்டும் கட்டாயம் சொல்லிவிடு: இழைக்கிற தூசு நுரையீரலுக்கு ஆகாது, நல்ல மாஸ்க் வேண்டும், துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. பாலியெஸ்டர் வேலையில் கேடலிஸ்ட்டையும், ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேராக ஒன்றில் ஒன்று ஊற்றக் கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றது. கேடலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், பக்கத்திலேயே ஒரு குடம் நல்ல தண்ணீர் இருக்கட்டும், பட்டால் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கடலோரப் பிள்ளை

இன்னொரு விஷயமும் இங்கே பேச வேண்டும். உடைந்த பைபர் வள்ளங்கள் நம் கரை முழுக்க மணலில் புதைந்து கிடக்கின்றன. மரம் என்றால் விறகாகிவிடும். பைபரைச் சிலர் கரையிலேயே கொளுத்துகிறார்கள், அந்தக் கரும்புகை குடிசைகளுக்குள்தான் போகிறது. அப்படியே விட்டாலும் வெயிலில் பொடிந்து கண்ணாடித் தூளாகக் கடலில் கலக்கிறது. புதிது கட்டும்போதே இதற்கும் யாராவது பதில் சொல்ல வேண்டாமா?

கீழக்கரை ஷார்ஜா

வேண்டும் தம்பி. பாலியெஸ்டர் ஒரு தடவை இறுகினால் உருகாது, அதனால் பிளாஸ்டிக் குடம் மாதிரி உருக்கித் திரும்ப வார்க்க முடியாது. இப்போதைக்கு நடைமுறையில் நல்ல வழி, வெட்டித் துண்டாக்கி சிமென்ட் ஆலைச் சூளைக்கு அனுப்புவது. ரெசின் எரிந்து சூடு கொடுக்கும், கண்ணாடி சிமென்டுக்குள்ளேயே போய்விடும். தனி ஆளால் ஆகாது, சங்கமோ ஊராட்சியோ ஓர் இடத்தில் சேர்த்து லாரி ஏற்ற வேண்டும்.

பொருளும் மாறிக்கொண்டிருக்கிறது. காற்றாலை இறக்கைக்கும் இதே தலைவலி என்பதால் அந்தத் தொழிலில்தான் முதலில் வழி பிறந்தது. ஆதித்ய பிர்லா குழுமத்தின் ரீசைக்ளமின் என்ற வகை எபாக்சி இறுகிய பிறகும் மிதமான அமிலத்தில் கரைந்து இழையை விட்டுவிடும், அதை வைத்து சீமென்ஸ் கமேசா 2021இல் மறுசுழற்சி இறக்கை செய்து காட்டியது. ஆர்கெமாவின் எலியம் என்ற ரெசின் சூடாக்கினால் இளகும் வகை, இன்ஃபியூஷன் முறையிலேயே போடலாம், படகுகளிலும் போடத் தொடங்கிவிட்டார்கள். விலை இறங்கி நம் பட்டறை வரை வர நாளாகும். அதுவரை இருக்கிற வள்ளத்தைச் சரியாகக் கட்டி நீண்ட நாள் ஓட்டுவதுதான் கரையில் குப்பை சேராமல் இருக்க நம் கையில் உள்ள வழி.

பாம்பன் பட்டறை

தங்கச்சி, கடைசியாக ஒன்று. வாடை மழை ஓய்ந்து தை பிறந்ததும் மோல்டில் ஏற்றச் சொல், பங்குனி வெயிலுக்குள் முடித்துவிடலாம். ஜெல்கோட் அடிக்கும் நாளும் முதல் மேட் போடும் நாளும் உன் அப்பாவைப் பட்டறையில் இருக்கச் சொல். வினைல் எஸ்டர் டிரம்மின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளட்டும், காலாவதித் தேதியும் அதில் இருக்கும். நான் பாம்பனில்தான் இருக்கிறேன், கூப்பிட்டால் ஒரு நடை வந்து அடுக்கைப் பார்த்துச் சொல்கிறேன்.